நேராக இல்லை

மார்ச் கடைசியில் ரொய்மாத்தாவுக்குத்
தன் கை தெரிந்துவிட்டது.
அதுவரை அது பாட்டுக்கு இருந்தது.
பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவாள்,
தும்மல் மாதிரி வந்துவிடும்.
இரண்டு பேர் என் தொடையைப் பிடித்து மேலே ஏற்ற
அங்கே விரித்த உள்ளங்கைக்கு
வந்து உட்காரும் பந்து.

பிறகு இன்வர்கார்கில்லில் ஒரு சனிக்கிழமை
லைன்-அவுட்டுக்கு வரிசை கூடும் நேரம்
எதிரணிப் பெண் ஒருத்தி,
கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான ஆசையோடு கேட்டாள்:
கட்டைவிரலை எங்கே வைக்கிறாய்?

பதினொன்றில் ஏழு கோணல்.
நேராக இல்லை, நேராக இல்லை என்று
விசிலைத் துப்பித் துப்பிச் சொன்னார் நடுவர்.
காற்றில் தூக்கி நிறுத்தப்பட்ட நான்
யாரோ மறந்துவிட்டுப்போன சலவைத் துணி.

பிளஃப் துறைமுகத்தில் அவளுக்குச் சிப்பி உடைக்கும் வேலை.
ஷிப்ட் முடிந்து, குளிர்கிடங்குச் சுவரில்
சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு
நூறு எறிவாள். தொண்ணூற்றாறு விழும்.
சனிக்கிழமை மறுபடி கோணல்.
சுவர் குதிப்பதில்லையே.
சுவருக்கு முன்னால் யாரும்
மூக்கில் ரத்தமும் வாயில் புல்லுமாக எழுந்து வந்து
எறிவதில்லையே.

டனீடினிலிருந்து ஃபோனில் ஓர் உளவியலாளர், ஹெட்விக்.
சிப்பியை எப்படித் திறப்பாய் என்று கேட்டாராம்.
இவள் ரொம்ப நேரம் யோசித்து
தெரியாது, திறந்துகொள்ளும் என்றாளாம்.
அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம்.

அதற்குப் பிறகு சுவர் கிடையாது.
ஒரே எறி அடுத்தடுத்து இரண்டு முறை கிடையாது.
கிட்டத்தில் நிற்பவளுக்கு ஒன்று
(அதற்கு எங்கள் ரகசியச் சொல் சீஸ் ரோல்),
உடனே ஓடிப்போய்ப் பயிற்சி மூட்டையை இடித்துக் கவிழ்த்து
மூச்சிரைக்கத் திரும்பி வந்து
கடைசியில் நிற்கும் எனக்கு ஒன்று,
நடுவில் வாளியிலிருந்து ஒரு சிப்பி.
எறி, மற, மறந்த இடத்திலிருந்து தோண்டி எடு.
தொண்ணூற்றாறு ஐம்பதானது.
கெடுவது போலத்தான் தெரியும், பொறுத்துக்கொள் என்று
முன்பே சொல்லியிருந்தாராம் ஹெட்விக்.
நான் நம்பவில்லை. மழையில் நனைந்து
சளி பிடித்ததுதான் மிச்சம்.

கட்டைவிரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் மணிக்கட்டில் நீல டேப் ஒரு சுற்று சுற்றி
அதைப் பார் என்றதோடு சரி.

ஆகஸ்ட். ரிவர்ட்டன் அணி இரண்டு புள்ளி மேலே.
மூன்று நிமிடம், ஐந்து மீட்டர்.
நீரிணையின் காற்று கொடிக்கம்பத்தை வில்லாக வளைக்கிறது.
பந்தைச் சட்டையில் துடைத்தபடி
வரிசைக் கடைசிவரை கேட்கும்படி கத்துகிறாள்:
ஐலா, என் டிரெய்லரை எப்போது திருப்பித் தருவாய்?
ஞாயிற்றுக்கிழமை என்று நான் வாய் திறக்குமுன்
தொடையில் நான்கு கைகள், மேலே வானம்,
பந்து கிளம்பிவிட்டது.

எப்படிச் சொல்வேன் அதை.
தையல்கூடத் தெரிந்தது.
காற்றைக் கேட்டு, காற்றுக்குக் கொஞ்சம் கொடுத்து
இரண்டு அணிகளுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல்
நீல டேப்பைத் தேடி வந்தது.
ஐந்து மாதம் கண்ணுக்குள் வர,
எவ்வளவு அழகு என்று நினைத்தேன்.
நினைத்தேன்.
என் பத்து விரல்களும் தனித்தனியாகத்
தங்கள் பெயரைச் சொல்லின.

முன்னால் நழுவி விழுந்தது.

பேருந்தில் யாரும் பேசவில்லை.
அவள் மட்டும் ஜன்னலில் தலை சாய்த்துத்
தூங்கிவிட்டாள், வாய் திறந்து.

திங்கட்கிழமை டிரெய்லரோடு கிடங்குக்குப் போனேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கத்தியும் வாளிச் சிப்பியும் என் பக்கம் தள்ளி
பால் லாரியில் பிரேக் சரிசெய்துவிட்டார்களா,
சொல்லு, என்றாள்,
என் கையைப் பார்க்காமல்.